பிரிக்பீல்ட்ஸையும் மேருவையும் பேசவைத்த தனலெட்சுமி அம்மையாருக்கு

பாஸ்வர்ட் காத்த பாவையே, சர்வரையும் சாந்தப்படுத்திய சக்கரவர்த்தினியே, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் கணினிப் பிரிவுத் தலைவி தனலெட்சுமி அம்மையாரே, வணக்கம்.

இம்மடலை எழுதும் பொறுப்பை, உங்களுக்கு முன்பே ஓய்வு பெற்று ஊர் சுற்றித் திரியும் விஜயனாகிய என்னிடம் ஊழியர்கள் ஒப்படைத்தார்கள். மிகைப்படுத்தாமல் எழுதச் சொன்னார்கள். முயல்கிறேன்: கிள்ளான் பள்ளத்தாக்கு கண்ட மாதரிலேயே மகத்தானவர் நீங்கள்.

குளிர்பதன இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் நம் நிறுவனத்துக்கு அன்று வாய் இரண்டு. பிரிக்பீல்ட்ஸ் அலுவலகம், உள்நுழைந்து படித்துப் பதில் போடும் செய்திக்குழு சர்வரில் எழுதும்; மேருப் பட்டறை மின்னஞ்சல் குழுவில் எழுதும். ஒரே கோளாறுக்கு இரண்டு இடத்திலும் தனித்தனியாக மண்டையை உடைத்துக்கொண்டோம். இரண்டையும் இணைக்கும் பாலமாக ஒரு நிரலை நிறுவினீர்கள். கண்டவர் நுழையாதபடி ஆளுக்கொரு பெயரும் பாஸ்வர்டும் கொடுத்தீர்கள். பாலத்துக்கும் தனியாக ஒன்று.

மேருவின் கேள்விகள் இங்கே வந்தன. நம் பதில்கள் அங்கே போகவில்லை. பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்குத் தலைக்கனம் என்று பட்டறைக் குகன் முடிவே கட்டிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் செய்திக்குழுவையே மூடிவிடுவதாக முதலாளி சுகுமாறன் அறிவித்தார். பல்லாண்டுப் பழுதுக் குறிப்புகள் அத்தனையும் அதற்குள்தான் இருந்தன.

அஞ்சாநெஞ்சரே, நீங்கள் அசையவில்லை. பங்சார் வாழையிலைச் சாப்பாட்டுக்கு அழைத்தோம், மறுத்தீர்கள். கடைக்காரர் கண்ணீர் வடித்ததாகக் கேள்வி. நீங்கள் முறைத்த முறைப்பில் சர்வர் அறைக்கு ஏர்கோனே தேவைப்படவில்லை.

கடைசியில் கண்டுபிடித்தீர்கள். சொந்த பாஸ்வர்டை நினைவில் வைக்கச் சோம்பிய அலுவலகம் முழுவதும் பாலத்தின் பெயரிலும் பாஸ்வர்டிலும் நுழைந்து எழுதிக்கொண்டிருந்தது. அதை உங்களிடம் கேட்டு வாங்கி, எல்லார் வசதிக்காகவும் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியவர் முதலாளியேதான். பாலமோ, தான் போட்டதைத் தானே மறுபடி அனுப்பிச் சுற்றிக்கொண்டிராதபடி, தன் பெயரில் உள்ள எதையும் தொடாது. நம் பதில்களையெல்லாம் தன்னுடையவை என்று நம்பி ஒதுக்கிவிட்டது.

முதலாளியின் கண்ணெதிரே அந்தக் காகிதத்தைக் கிழித்தீர்கள்.

"பாஸ், உங்க பேருல எழுதுங்க. இல்லன்னா உங்க பேச்சு மேருக்குப் போகாது லா."

தம்முடையது மறந்துபோயிற்று என்று அவர் முனகினார்.

"புதுசு தரேன். ஒட்டாதீங்க."

பாலத்தின் பாஸ்வர்டையும் மாற்றினீர்கள். வெள்ளிக்கிழமை மாலை குகனின் மடல் வந்தது: "எல்லாரும் உயிரோடதான் இருக்கீங்களா?" செய்திக்குழு பிழைத்தது.

அன்றுமுதல் நீங்கள் கொடுங்கோலர். ஒருவர் போனால் அவர் பாஸ்வர்டும் போக வேண்டும் என்று சட்டம் போட்டீர்கள். என் பிரிவுபசார விழாவில் கேக் வெட்டி முடிப்பதற்குள் என் கணக்கை மூடினீர்கள். ஆனால் மேருவின் மின்னஞ்சல் குழுவில் என் பெயரைச் சேர்த்துவிட்டீர்கள். ஏன் என்று நானும் கேட்கவில்லை. சர்வருக்குள் நுழைய வழியற்ற நான் மின்னஞ்சலில் அனுப்பிய இம்மடல், உங்கள் பாலத்தில் ஏறித்தான் பிரிக்பீல்ட்ஸ் ஊழியர்களை வந்தடைந்தது.

இன்று மாலை உங்கள் கணக்கையும் நீங்களே மூடுவீர்கள் என்று அறிகிறோம். மூடுங்கள், அம்மையாரே. உங்கள் பெயரையும் மின்னஞ்சல் குழுவில் சேர்த்தாயிற்று. நோயற்ற உடலோடும் ஓயாத பிடிவாதத்தோடும் நெடுங்காலம் வாழுங்கள். எங்களுக்குப் பழுது வரும்போது பதில் எழுதுங்கள். அது வந்து சேரும்.

இங்ஙனம்,
தத்தம் பெயரில், தத்தம் பாஸ்வர்டில் ஒப்பமிடும்
பிரிக்பீல்ட்ஸ், மேரு ஊழியர்கள்