ஜனவரி முதல் மார்ச் வரை ஹாஜா முகைதீன்

இந்தக் கடற்கரையில் படம் மாட்ட எவர்சில்வர் ஆணிதான் சரிப்படும். இரும்பு ஆணி அடித்தால் உப்புக்காற்றில் நாற்பது நாளில் துரு இறங்கி, சுவரில் வெற்றிலை எச்சில் வழிந்ததுபோலக் கோடு விழுந்துவிடும். நான் பொறுப்பேற்ற முதல் வருடம் அது தெரியாமல் மூன்று படங்களைக் கெடுத்தேன். அதற்குப் பிறகு பதினான்கு வருடங்களில் என் கையில் ஒரு படம் கெட்டதில்லை. மகேஸ்வரி மேடம், இதை நீங்கள் வாக்குமூலத்தில் சேர்ப்பீர்களோ இல்லையோ, நான் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

என் பெயர் ஜஸீலா. சொந்த ஊர் கீழக்கரை. பல்கலைக்கழகத்தின் கடற்கரை வளாகத்தில் இருக்கும் ஓவியக் காட்சிக்கூடத்துக்கு நான்தான் பொறுப்பாளர். நானும் ஓவியம் படித்தவள். படிப்பு முடிந்த வருடம் சென்னையில் என் படங்களை வைத்து ஒரு கண்காட்சி நடந்தது. வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள். அதை நான் இன்னும் மனதில் வைத்திருக்கிறேனா என்று நேற்று கேட்டீர்கள். இல்லை. அது முடிந்துபோன சங்கதி.

ஒவ்வொரு அக்டோபரிலும் அடுத்த ஆண்டுக்கான கண்காட்சி நிரலை அச்சடிப்போம். இந்த ஆண்டு நிரல் உங்கள் மேசையில் இருக்கிறது. ஏப்ரலில் மாணவர்களின் வேலைகள். ஜூலையில், கடல்பாசி எடுக்கும் பெண்கள் தாங்களே செல்போனில் பிடித்த படங்கள். அக்டோபரில், பாம்பன் பாலத்தில் வேலை பார்த்தவர்களின் வீட்டு ஆல்பங்கள். இதெல்லாம் நான் இல்லாமலும் நடந்துவிடும். முதல் வரியில் ஜனவரி முதல் மார்ச் வரை என்று இருக்கிறதே, அது என்னால் மட்டுமே நடந்தது.

ஹாஜா முகைதீன் காக்காவை நான் கண்டுபிடித்தேன் என்று சொல்வதில் தவறில்லை. மூத்த ஆண்களை அண்ணன் முறையில் எங்கள் ஊரில் காக்கா என்போம். சவுதியில், தம்மாம் நகரத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் இருபத்துமூன்று வருடம் மீன்பெட்டி ஏற்றி இறக்கியவர். ஓய்வு நேரத்தில் அந்தப் பெட்டிகளின் அட்டையைப் பிரித்து, பெட்டியில் எண் போடும் நீல மையாலும் டீத்தண்ணியாலும் வரைந்திருக்கிறார். ஊருக்குத் திரும்பியபோது சாமான்களுக்கு நடுவில் வைத்துக் கட்டிக் கொண்டுவந்த அட்டைகள், அவர் வீட்டுப் பரணில் தேங்காய்க்கு அடியில் விரித்துக் கிடந்தன. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. வேறொரு வேலையாக அந்த வீட்டுக்குப் போனவள் அன்று மாலை வரை பரணைவிட்டு இறங்கவில்லை.

ஒரே ஒரு படத்தைச் சொல்கிறேன். ஒரு சின்ன அறையில் அடுக்குக் கட்டில்களில் பன்னிரண்டு ஆண்கள் தூங்குகிறார்கள். ஏசிக் குளிருக்குத் தலை மூடப் போர்வையை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். இருபத்துநான்கு பாதங்கள் மட்டும் வெளியே தெரிகின்றன. அவ்வளவுதான். அந்தப் படத்தின் முன்னால் நான் பல நாள் மதியச் சாப்பாட்டை மறந்து நின்றிருக்கிறேன்.

எல்லாவற்றையும் காட்சிக்கூடத்தின் சேமிப்பறைக்குக் கொண்டுவந்தேன். அவர் அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தார். தன் படங்களை அவ்வப்போது பார்த்துவிட்டுப் போக அனுமதி கேட்டார், கொடுத்தேன். அதுதான் நான் செய்த தவறு. இந்த விஷயத்தில் வேறு தவறு நான் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஜூலை மாதம் ஒருநாள் சேமிப்பறைக்குள் போனால், அலமாரிகளுக்குப் பின்னால் இருக்கும் மேசையில் அந்தத் தூங்கும் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் போஸ்டர் கலரால் ஏதோ தீட்டிக்கொண்டிருந்தார். போர்வைகளை மேலிருந்து கீழே இறக்கி, முகங்களை வரைந்திருந்தார். பன்னிரண்டில் ஏழு முடிந்திருந்தது. கண், மூக்கு, மீசை. சலூன் பலகையில் வரைவார்களே, அப்படி.

"என்ன காக்கா செய்றீங்க?" என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை.

"வாம்மா. இந்தா, இவன் நம்ம பெரியபட்டினத்து சீனி. அங்கனயே மவுத்தாயிட்டான். மய்யித்துகூட ஊரு வந்து சேரல, அங்கனயே அடக்கிட்டாக. இவன் முகத்த எங்கயாச்சும் போட்டு வைக்கணும்ல."

"கால் மட்டும் இருந்ததுதான் காக்கா படமே."

அவர் சிரித்தார். "காலப் பாத்து அவன் பொஞ்சாதி என்னம்மா செய்வா?"

அவர் நல்ல மனிதர். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் நல்ல மனிதரின் கையில் அந்தப் படம் செத்துக்கொண்டிருந்தது. ஆகஸ்டுக்குள் இன்னும் நான்கு படங்களுக்கு முகம் வந்துவிட்டது. செப்டம்பரில், இனிமேல் திருத்தக் கூடாது என்று தெளிவாகச் சொன்னேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

"படம் என்னுது. அந்த ஆளுக என்கூடப் படுத்து எந்திரிச்சவனுக. அவனுகளுக்கு முகம் குடுக்க ஒன்கிட்ட நான் அனுமதி கேக்கணுமா? கூடாதுன்னா சொல்லு, தீபாவளி கழிச்சு வண்டியோட வாரேன். அம்புட்டையும் அள்ளிட்டுப் போறேன்."

சரி காக்கா, திருத்துங்கள் என்று சொன்னேன்.

அக்டோபர் ஒன்பதாம் தேதி இராமநாதபுரத்தில் அச்சகம் வைத்திருக்கும் அருள்முருகனுக்கு போன் செய்து நிரலில் ஒரு திருத்தம் சொன்னேன். 'ஹாஜா முகைதீன்: தேர்ந்தெடுத்த படங்கள்' என்று இருந்ததை 'ஹாஜா முகைதீன்: முழுத் தொகுப்பு' என்று மாற்றச் சொன்னேன். உயிரோடு இருந்து தினமும் வரைந்துகொண்டிருந்த ஒருவருக்கு முழுத் தொகுப்பு என்று எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. என் உதவியாளர் மாரீஸ்வரனுக்கே அப்போது அது தோன்றவில்லை. நீங்கள் கவனமாகப் படிக்கிறவர்.

வருடத்துக்கு ஒருமுறை சேமிப்பறைக்குப் பூச்சிமருந்து விடுவோம். காற்றுப் புகாத கதவு. மருந்து இயந்திரம் வெளியே நடையில் இருக்கும், ஸ்விட்சைப் போட்டால் குழாய் வழியாக உள்ளே போகும். கதவின் உள்பக்கக் கைப்பிடி ஆடி மாதத்திலிருந்தே வேலை செய்யவில்லை. சரிசெய்யக் கேட்டு மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன், மூன்றும் கோப்பில் இருக்கின்றன. பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை, தீபாவளி விடுமுறைக்கு முன் கடைசி வேலை நாள். மாரீஸ்வரன் மருந்தை நிரப்பி வைத்துவிட்டுக் கடலாடி பஸ்ஸைப் பிடிக்க மூன்று மணிக்கே போய்விட்டான். காக்கா ஜும்ஆ தொழுகை முடித்து, வீட்டில் சாப்பிட்டு, மூன்றேகாலுக்கு வந்தார். செல்போனை வாசலில் இருக்கும் டப்பாவில் போட்டார். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் விதி, அவர் விதிகளை மதிப்பவர்.

மருந்து விடுகிற நாள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லையா என்று கேட்டீர்கள். சொல்ல வேண்டியவள் நான்.

மூன்றே முக்காலுக்கு நான் நடைக்கு வந்தபோது சேமிப்பறை வாசலில் அவர் செருப்பு இருந்தது. சுவரோரமாக, ஜோடி பிசகாமல். செருப்பை எடுத்துக்கொண்டு போய்க் காட்சிக்கூட வாசலில் இருக்கும் செருப்பு அலமாரியில், கீழ்த்தட்டில் வைத்தேன். திரும்பி வந்தேன். கதவைச் சாத்தினேன். ஸ்விட்சைப் போட்டேன்.

விட்டுப்போகக் கூடாது என்பதால் இதையும் சொல்கிறேன். அவர் கதவைத் தட்டினார். முதலில் மெதுவாக, யாரையோ தொந்தரவு செய்கிற மாதிரி. பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "ஜஸீலாம்மா, உள்ள நான் இருக்கேன்மா" என்றார். எனக்குத் தெரியாது என்று கடைசிவரை அவர் நினைத்திருக்கிறார். அது எனக்கு ஓரளவு ஆறுதல்தான்.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவர் மகள் ஹுமைரா தேடிக்கொண்டு வந்தாள். அவள் அழைத்தபோது டப்பாவுக்குள் போன் ஒலித்தது. கதவைத் திறந்தோம். அன்று உள்ளூர்க் காவலர்களிடம் நான் சொன்னது இதுதான்: அறை வாசலில் செருப்பு இல்லை, அதனால் உள்ளே ஆள் இல்லை என்று நினைத்தேன். எல்லோரும் நம்பினார்கள். ஹுமைரா மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாப்பா வாசல் அலமாரில செருப்பு விடமாட்டாகளே. ஜூலையில ஒரு ஜோடி அங்கன காணாமப் போனதுலேர்ந்து கையோட கொண்டாந்து ரூம் வாசல்லதான கழட்டுவாக" என்றாள். துக்கத்தில் பேசுகிறாள் என்று அவளை அப்பால் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்று மாதம் கழித்து நீங்கள் வந்து அதே வாக்கியத்தை அவள் சொல்லக் கேட்டு எழுதினீர்கள். அவளைக் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை. தன் தகப்பனின் செருப்பைப் பற்றி அவளுக்குத் தெரிந்திருந்தது. அவர் படங்களைப் பற்றித்தான் தெரியவில்லை.

நான் வருந்துகிறேனா என்று கேட்கிறீர்கள். கண்காட்சியை நீங்கள் வந்து பார்த்திருக்க வேண்டும். மதுரையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். முகம் இல்லாத இருநூற்றுச் சொச்சம் படங்கள் அந்தச் சுவர்களில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன. அவரை அவர் போக்கில் விட்டிருந்தால் இரண்டு வருடத்தில் அத்தனைக்கும் மீசை முளைத்திருக்கும். அறுபத்தெட்டு வயது மனிதருக்கு இன்னும் ஐந்தாறு வருடம். அந்த அட்டைகளுக்கு நூறு வருடம். இதை எந்தக் கோர்ட்டிலும் நின்று சொல்வேன்.

இனி ஒன்றுதான் பாக்கி. இதை நீங்கள் கேட்கவில்லை.

கதவைத் திறந்தபோது மேசைமேல் ஒரு படம் இருந்தது. கிடங்கில் தேநீர் நேரம். குளிர் அங்கியின் தொப்பி போட்ட பதினோரு பேர் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், தொப்பிக்குள் வெறும் இருட்டு. அப்படித்தான் இருந்தது அது. அந்த வாரத்துக்குள் ஒன்பது தொப்பிக்குள் முகம் போட்டுவிட்டார். கடைசி இரண்டு மிச்சம். அட்டையின் பின்னால் பதினோரு பெயரும் ஊரும் எழுதியிருந்தார்.

அரைகுறையாக ஒரு படத்தை நான் மாட்டுவதில்லை. ஒதுக்கி வைத்திருக்கலாம். ஆனால் முழுத் தொகுப்பு என்று அச்சாகிவிட்டது. டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே மேசையில், அவருடைய தூரிகையாலேயே, மீதி இரண்டு முகங்களையும் நான் வரைந்தேன். அந்த ஆட்களை நான் பார்த்ததில்லை. ஒருவருக்கு எங்கள் காவலாளியின் மூக்கையும் ஏர்வாடி பஸ் கண்டக்டரின் கண்களையும் வைத்தேன். இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு தூரிகை தொட்டேன், ஒருநாள் முழுக்க எழுந்திருக்கத் தோன்றவில்லை.

கண்காட்சி தொடங்கிய இரண்டாவது வாரம் வேதாளையிலிருந்து ஹாஃபிஸா என்றொரு பெண்மணி வந்தார். தேநீர்ப் படத்தின் பக்கத்தில் நான் எழுதி மாட்டியிருந்த பெயர்ப்பட்டியலில் கணவர் பெயரைப் பார்த்து, விரலால் எண்ணிக்கொண்டே போய்ப் பத்தாவது ஆளின் முன் நின்றார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அவுகதான். இப்படித்தான் பாப்பாக" என்றார். செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருப்பதாகப் பிறகு சொல்லி அனுப்பினார். ஹாஜா முகைதீன் காக்காவுக்காகத் தினமும் துஆ கேட்கிறாராம்.

இருநூற்றுப் பதினான்கு படங்களில் பார்வையாளர் ஏட்டில் அதிகம் பேர் எழுதியிருப்பது அந்தத் தேநீர்ப் படத்தைப் பற்றித்தான். எடுத்துப் பாருங்கள்.

கையெழுத்துப் போடுகிறேன், தாளைக் கொடுங்கள். ஆனால் மேடம், வேதாளைக்கு யாரையாவது அனுப்பி அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அந்த முகம் காக்கா போட்டதல்ல, நான் போட்டது.