கட்டைவிரல் பட்ட பக்கம்

— இலையைக் குப்பையில போட்டுட்டுக் காம்பைப் பாத்திரத்துல போடுறியேக்கா. இன்னைக்கு மதியம் காம்புதான் சாப்பாடா?

— எங்க? அட, ஆமா. நகரு மஹ்ரோக், நான் பொறுக்கிடுறேன்.

— கொஞ்ச நாளாவே நீ இப்படித்தான் இருக்கே. நேத்து குழம்புல உப்பே இல்ல. வாய் பேச முடியாத மனுஷன், நம்ம அப்பாவே முகத்தைச் சுளிச்சாரு.

— வயசாவுதுடி. நாப்பத்தஞ்சுல மூளை என்ன பூத்துக் குலுங்குமா?

— வயசு மேல பழியைப் போடாதே, தூரானக்கா. வேற என்னமோ உன்னை அரிக்குது. நேத்து ரொட்டிக்கடைக்காரர் சம்சாரம் மனசுல எதையோ நினைச்சுக்கிட்டு வந்து நின்னாங்க. தலைவலின்னு சொல்லி அனுப்பிட்டே. இந்த ஷிராஸ் ஊர்ல மத்தவங்கல்லாம் கவியோட கல்லறைத் தோட்டத்துக்குப் போய், அவரோட புத்தகத்தைத் திறந்து குறி கேக்குறாங்க. இந்தத் தெரு மட்டும் உன்னைத் தேடித்தான் வருது. நீ என்னடான்னா புத்தகத்தையே தூக்கி அலமாரி மேல வச்சுட்டே.

— அந்தம்மாவுக்கு வேற என்ன கேள்வி இருக்கப் போவுது. மருமக முழுகாம இருக்காளா இல்லையான்னுதான்.

— கவி மதுவைப் பாடியிருந்தாலும் நீ பேரன் வர்றான்னு சொல்லி அனுப்புவே. அவங்களும் வாயெல்லாம் பல்லாப் போவாங்க.

— கவிதை ஒண்ணுதான்டி. கேக்குறவ மனசுல என்ன இருக்கோ, அதைத்தான் அது பேசும். நான் வெறும் வாய், அவ்வளவுதான். அந்த வாய் பொய் சொல்லிடக் கூடாது பாரு.

— என்னக்கா இது, அழுவுறியா?

— வெங்காயத்தாள் நெடிடி.

— வெங்காயத்தாள் என் கையில இருக்கு. உன் கையில இருக்கிறது கொத்தமல்லி.

— கத்தியைக் கீழ வை. வைன்னு சொல்றேன்ல. நான் சொல்லப் போறதைக் கேக்கும்போது உன் கையில கத்தி வேணாம்.

— வச்சாச்சு. சொல்லு.

— போன மாசம் நீ கண்ணை மூடிக்கிட்டு மனசுல ஒண்ணு நினைச்சே. நான் புத்தகத்தை முத்தம் வச்சு, கட்டைவிரலை விட்டுத் திறந்து, உனக்கு வாசிச்சேன்ல.

— வாசிச்சே. பொறு, அவசரப்படாதே, காய்க்கிற காலம் வந்தாத் தானாக் காய்க்கும்னு. மனப்பாடமே ஆயிடுச்சு.

— அது என் விரல் பட்ட பக்கம் இல்லடி. நான் தாளைத் தள்ளிட்டேன்.

— தள்ளிட்டேன்னா?

— நீ கண்ணை மூடிக்கிட்டு இருந்தே. விரல் பட்ட கவிதையோட முதல் வரியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அதை வாசிச்சா நீ ஜெர்மனிக்குக் கெளம்பிடுவே. அங்க ஆஸ்பத்திரியில உனக்கு நர்ஸ் வேலை தர்றோம்னு எழுதிட்டு உன் பதிலுக்காகக் காத்துக்கிட்டு இருந்தாங்க. நீ போயிட்டா இந்த வீட்டுல நானும் அப்பாவும்தான். பொழுது விடிஞ்சு பொழுது போனா ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது. எப்படிடி இருப்பேன்? பொறுமையைப் பாடின கவிதை எந்தப் பக்கத்துல இருக்குன்னு எனக்குத் தெரியும். அதைப் புரட்டி எடுத்து உன் தலையில கட்டிட்டேன். மறுநாளே வந்து, ஜெர்மனி வேணாம்னு எழுதிட்டேன்கா அப்படின்னு நிக்கிறே நீ. அன்னையிலேருந்து எனக்குச் சோறு இறங்கல. நல்லாத் திட்டு. அடிச்சாலும் வாங்கிக்கிறேன்.

— நான் உன்கிட்டச் சொன்னதுதான் மறுநாள். எழுதினது அதுக்கு முன்னாடியே.

— என்னது?

— நீ புத்தகத்தைத் திறக்குறதுக்கு முன்னாடியே எழுதி அனுப்பிட்டேன். ஜெர்மனிக்காக நீ பாவ மூட்டையைச் சுமக்க வேணாம்.

— ஏன்டி எழுதினே? அவ்வளவு ஆசைப்பட்டியே. ராப்பகலா அந்தப் பாஷையைப் படிச்சியே.

— யாராவது ஒருத்தர் அப்பாவோட இருக்கணுமே.

— அதுக்குத்தான் நான் இருக்கேனே. சரி, ஜெர்மனி இல்லைன்னா அன்னைக்கு நீ மனசுல நினைச்சது என்ன?

— நினைச்சதை வெளியில சொன்னாப் பலிக்காதுன்னு நீதானேக்கா எல்லார் வாயையும் அடைப்பே?

— நான் தாளைத் தள்ளினப்பவே அது பலிக்காமப் போச்சு. இனிமே கெடுறதுக்கு என்ன இருக்கு.

— முதல்ல நீ சொல்லு. உன் விரல் பட்ட கவிதை என்ன சொல்லிச்சு?

— எழுந்திருன்னு சொல்லிச்சு. வாசல்ல ஒருத்தர் வந்து நிக்கிறாரு, இளமை போயிடுச்சேன்னு கணக்குப் பார்க்காதே, போய்க் கதவைத் திறன்னு. உனக்கென்ன முப்பது வயசு, உன்கிட்ட எதுக்கு இளமை போச்சுன்னு பாடுறாருன்னு எனக்கே புரியல. ஆனா கதவைத் திறன்னா வீட்டை விட்டுக் கெளம்புன்னுதானே அர்த்தம்?

— வாசல்ல ஒருத்தர்னா? அப்படியேவா இருந்துச்சு?

— அப்படியேதான். ஏன்டி உன் முகம் இப்படிச் செத்துப் போச்சு?

— அப்பாவுக்குக் கால் பயிற்சி குடுக்க வருவாரே, ஹோர்மோஸ். அவரோட தங்கச்சி பத்ரி என்னைத் தேடி நான் வேலை பார்க்குற ஆஸ்பத்திரிக்கே வந்தாங்க. பொண்ணு கேட்டு எப்ப வீட்டுக்குப் பூவோட வரலாம்னு விசாரிச்சாங்க. அப்பாவால பேச முடியாது, யாரைக் கேக்குறதுன்னு தெரியல, அதான் உங்ககிட்ட வந்தேன்னாங்க.

— ஹோர்மோஸா?

— ஆமா.

— அதான் கொஞ்ச நாளா இஸ்திரி போட்ட சட்டையா வந்தாரு. உனக்கும் அவருக்கும் வயசு வித்தியாசம்... சரி, வயசுல என்ன இருக்கு. நல்ல மனுஷன். சம்சாரம் போய்ச் சேர்ந்த பிறகும் நாக்குல ஒரு கசப்பு கிடையாது. நான் குடுக்குற டீயில ஒரு சொட்டு மிச்சம் வைக்க மாட்டாரு. நான் என்ன சொன்னாலும் சிரிப்பாரு. பாரு, நான் ஒரு மடச்சி, நான் அதை வேற மாதிரி... விடு அதை. நீ என்ன பதில் சொன்னே?

— யோசிச்சுச் சொல்றேன்னேன். வீட்டுக்கு வந்து உன்னைப் புத்தகத்தைத் திறக்கச் சொன்னேன். பொறுன்னு வந்துச்சு. இப்போதைக்கு வேணாம்னு பத்ரிகிட்டச் சொல்லிட்டேன்.

— என் முக்காட்டை எடுத்துக் குடு. நான் அந்த வீட்டுக்குப் போறேன். தப்பு என் மேலதான்னு அவங்க வாசல்ல நின்னு சொல்றேன்.

— உக்காருக்கா. நம்ம வீட்டுல வேணாம்னதும் அவங்க கெர்மான் ஊர்ல வேற இடம் பார்த்துப் பேசி முடிச்சுட்டாங்க. இந்த வாரம் அவருக்குப் பதிலா வேற ஆள் வந்தானே, எதுக்குன்னு நினைச்சே?

— உன் வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டேனேடி. உன்னைப் பக்கத்துலயே வச்சுக்கணும்னு, கூடப் பொறந்தவ பண்ற காரியமா இது?

— நீ மட்டும் பண்ணல. நீ அன்னைக்குப் பொறுன்னு வாசிச்சப்ப எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. கவியே சொல்லிட்டாரு, இனிமே நம்ம மேல பழி இல்லைன்னு நிம்மதியாத் தூங்கினேன். அந்தச் சந்தோஷம்தான் என் பாவம். உன்னோடதை விடப் பெரிய பாவம்.

— சந்தோஷமா? எதுக்கு?

— வீடு வெறிச்சோடிப் போகாது, நான் மட்டும் தனியா அப்பாவை வச்சுக்கிட்டுக் கெடக்க வேணாம்னு.

— உனக்கென்ன பைத்தியமா? கல்யாணம் ஆனா நீ போறவ. அப்பாவை வச்சுக்கிட்டுக் கெடக்கப் போறவ நான். உனக்கு எப்படிடி வீடு வெறிச்சோடும்?

— பத்ரி பொண்ணு கேட்டு வந்தது என்னை இல்லக்கா, உன்னை.