வெர்னெட்டா கெய்ன்ஸ் மீது நான் கொண்ட பொறாமை

மேடையில் வீற்றிருக்கும் போதகர் ஐயா அவர்களே, கெய்ன்ஸ் குடும்பத்தாரே, இந்தத் தேவாலயத்தின் வாசற்படி வரை நிறைந்து நிற்கும் மேக்கன் நகரத்துச் சகோதரிகளே! கனத்த நெஞ்சோடு உங்களை வணங்குகிறேன்.

இந்தக் கூட்டத்தைப் பார்க்கிறபோது எனக்குப் பொறாமையாக இருக்கிறது. ஆம், பொறாமை! நான் படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர். வெர்னெட்டா கெய்ன்ஸ் இருபத்திரண்டு ஆண்டு நகரப் பேருந்து ஓட்டியவர். நான் செத்தால் இதில் பாதிப் பேராவது வருவார்களா?

எங்கள் மருத்துவமனையில் உடல் எடை குறைக்கும் ஆறு மாதப் பயிற்சியை நான் நடத்தினேன். பேருந்து வேலையில் ஓய்வு பெற்று வந்த வெர்னெட்டா என் உதவியாளர். வராதவர்களைத் தொலைபேசியில் அழைப்பது அவர் வேலை. எல்லாருக்கும் ஒரே பாடம், ஒரே உணவுக் குறிப்பேடு, ஒரே எடை மெஷின். முடிவில் வெள்ளைக்காரப் பெண்கள் சராசரியாகப் பதினாறு பவுண்டு குறைந்தார்கள். நம் கறுப்பினப் பெண்கள் எட்டுதான். ஏன் என்று என்னைக் கேட்டார்கள். நானும் கறுப்பினத்தவள்தானே, எனக்குத் தெரியாதா? 'ஒழுங்காக வரவில்லை, குறிப்பேடு எழுதவில்லை' என்று அறிக்கை எழுதினேன்.

அதைப் படித்துவிட்டு வெர்னெட்டா சிரித்தார். "வரலன்னு எழுதியிருக்கீங்க டாக்டரம்மா. ஏன் வரலன்னு ஒருத்திகிட்டயாவது கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை. அவர் கேட்டார்! மூன்று வாரம் வீடு வீடாகப் போனார். ஒருத்திக்கு மாலை ஷிப்ட். ஒருத்தியின் தெருவில் நடைபாதையே கிடையாது. இன்னொருத்தி சொன்னாளாம்: "சனிக்கிழமை மூணு மணி நேரம் உக்காந்து முடிய நேராக்கிட்டு வர்றோம். திங்கக்கிழமை வேர்க்க வேர்க்கக் குதிச்சா அது மறுபடி சுருண்டுடாதாக்கா?"

என்னிடம் ஒருத்தியும் இப்படி வாய் திறந்ததில்லை. நான் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். அவர் நுழைந்தால் பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போடுவார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அவர் இந்தத் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் தனி வகுப்பு தொடங்கினார். முடி நேராக்குவது சனிக்கிழமைதானே என்று வகுப்பை வெள்ளிக்கிழமை வைத்தார். காலையிலும் மாலையிலும் வைத்தார். வெளியே கார் நிறுத்துகிற இடத்திலேயே சுற்றிச் சுற்றி நடந்தார்கள். வழக்கமாகப் போடும் பன்றிக் கொழுப்பில்லாமல் கீரை சமைத்தார்கள், அதுவும் ருசியாக! அடுத்த ஆண்டும் அந்த வகுப்புக்குப் பணம் தரலாமா என்று நிர்வாகம் என்னைக் கேட்டது. "அவருக்குப் போதிய படிப்பில்லை" என்றேன். என் வாய்வழியே பேசியது பொறாமை. சம்பளம் நின்றது. வெர்னெட்டா நின்றாரா? ஒரு வெள்ளிக்கிழமைகூட நிற்கவில்லை!

இரண்டு ஆண்டு கழித்து எல்லாரையும் மறுபடி எடை பார்த்தோம். என் வகுப்பில் வெள்ளையர், கறுப்பர் இரு சாராருக்குமே குறைந்ததில் பெரும்பகுதி திரும்ப ஏறியிருந்தது. வெர்னெட்டாவின் பெண்களோ பதினொரு பவுண்டு குறைந்து, அப்படியே இருந்தார்கள். அதை அவர் பெயரைச் சொல்லாமல் ஒரு மாநாட்டில் வாசித்தேன். மண்டபமே கைதட்டியது. கடைசி வரிசையில் உட்கார்ந்து வெர்னெட்டாவும் தட்டினார். பிறகு வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பதினோரு பவுண்டு என் பொண்ணுங்களோடதுதானே?"

"ஆமா."

"எடையத்தானே குறைக்கச் சொன்னாங்க டாக்டரம்மா? என் பேரையும் சேத்துக் குறைச்சிட்டீங்களே!"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் கார்ச் சாவியைத் தேடுவதுபோலக் கைப்பையைக் கிளறினேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பதினெட்டு நாளைக் கடத்தினேன். பத்தொன்பதாம் நாள் அவர் மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது.

சகோதரிகளே! மாநாட்டில் வாசித்த அறிக்கையைத் திருத்தி நேற்று அனுப்பிவிட்டேன். அதில் முதல் பெயர் வெர்னெட்டா கெய்ன்ஸ். வகுப்புச் செலவை மருத்துவமனை ஏற்றாலும் சரி, ஏற்காவிட்டாலும் சரி, வரும் வெள்ளிக்கிழமை கீழ்த்தளத்தில் வகுப்பு உண்டு. நான் வருவேன்.

யார் பேசுவது, டெல்ஃபின் அக்காவா? உரக்கச் சொல்லுங்கள்.

"வாங்க, வராம என்ன? ஆனா முதல்ல நீங்க எடை மெஷின்ல ஏறணும். வெர்னெட்டா வாராவாரம் எங்க எல்லாருக்கும் முன்னாடி அவதான் ஏறுவா."

இது எனக்குத் தெரியாது. இத்தனை ஆண்டு உங்களையெல்லாம் எடை பார்த்தவள், உங்கள் முன்னால் ஒருநாளும் ஏறியதில்லை. ஏறுகிறேன், அக்கா. எல்லார் காதிலும் விழும்படி நீங்களே என் எடையை வாசியுங்கள்.