கம்பவுண்டருக்குப் பெண் கொடுக்கலாமா?

மல்லிகை மாலைக்கும் மின்விசிறிக்கும் நடுவிலே, மலர்ந்த முகத்தோடு இந்த மணமேடைக்குத் தலைமை ஏற்று வீற்றிருக்கின்ற நகரித் திருச்சபைக் குருவானவர் தேவானந்தம் ஐயர் அவர்களே! செவ்வாய்க்கிழமை ஜெபக்கூட்டத்தை, காரணம் ஒன்றும் சொல்லாமல், மூன்று மாத காலம் புதன்கிழமைக்கு மாற்றி வைத்த பெருந்தகையே! (சிரிக்காதீர்கள், காரணம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவருக்கு மட்டும்தான் தெரியாது.)

பெண்ணைப் பெற்ற பெருமகனே, எங்கள் தெருவுக்கே முதல் டெலிவிஷன் பெட்டியை வாங்கிவிட்டு, வாங்கிய நாள் முதலாய்ச் சொந்தக் கூடத்தில் உட்கார இடமில்லாமல் வாசற்படியில் குந்தியிருக்கும் கிருபானந்தம் அவர்களே! கார்வேட்டிநகரத்திலிருந்து பஸ் மாறி வந்து பசியோடு காத்திருக்கும் சம்பந்தி வீட்டுப் பெரியோர்களே! முன்வரிசையை முழுதாகப் பிடித்துக்கொண்ட அன்னையரே! அந்த அன்னையர் நடுவே அமர்ந்து, 'இவன் இன்னாத்த ஒளறப் போறானோ' என்று கண்ணாலேயே கேட்டுக்கொண்டிருக்கும் ஞானசௌந்தரி அம்மையாரே! தறியை நிறுத்திவிட்டுத் தலைவாரிக்கொண்டு வந்திருக்கும் என் தோழர்களே! மணமகன் சுந்தர்சிங்! மணமகள் ஜெயசீலி! உங்கள் அனைவருக்கும் இந்தப் பச்சையப்பனின் பணிவான வணக்கம்.

நான் பவர்லூம் ஓட்டுகிறவன். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய தொண்டை இது. இதற்கு மைக் வேண்டியதில்லை. ஆனாலும் மைக்செட்டுக்காரர் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அன்பர்களே! வாழ்த்த வந்தவன் 'பதினாறும் பெற்று' என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். இறங்குவேனா? இந்தத் திருமணம் எத்தகைய திருமணம்? சாதகம் தடுத்த திருமணமா? இல்லை. சீர்வரிசை தடுத்த திருமணமா? இல்லை, இல்லை. மெட்ராஸ் டெலிவிஷன் தடுத்த திருமணம்! ஆந்திர ராஜ்யத்திலே அப்படி ஒரு திருமணம் நடந்ததுண்டா? அந்தக் கதையைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு நான் இறங்கினால், எங்கள் தெரு என்னை மன்னிக்குமா?

யாரது அங்கே, 'சுருக்கமா சொல்லு' என்பது? நாகபூஷணமா? மூன்று மாதம் கொலைகாரனைத் தப்புத் தப்பாகச் சொன்னவனுக்கு இங்கே பேச உரிமை இல்லை, உட்கார்!

'பனிமலை பங்களா'. பெயரைச் சொன்னதும் எத்தனை முகம் மலர்கிறது பாருங்கள்! பார்க்காத பாவிகளுக்காகச் சொல்கிறேன். செவ்வாய்தோறும் அந்தி சாய்ந்ததும் வரும் துப்பறியும் தொடர். மலைமேல் ஒரு பங்களா. பங்களாவில் ஒரு பணக்காரர். பாலைக் குடித்தார், படுத்தார், எழுந்திருக்கவில்லை. பாலிலே விஷம்! வைத்தது யார்? மச்சினனா, சின்ன சம்சாரமா, சமையற்காரனா, ஊசி போட வந்துபோகும் கம்பவுண்டரா?

இந்த ஒரு கேள்வி எங்கள் தெருவைப் பிளந்து போட்டது. நாகபூஷணம் தன் சொந்த மச்சினன்மேல் இருந்த கோபத்தில் மச்சினன் கட்சி. பாவு சுற்றும் ரத்னம்மா சின்ன சம்சாரத்தின் கட்சி. "அவ பொடவையைப் பாரு, எழவு ஊட்ல கட்ற பொடவையா அது?" என்பது அவள் வாதம். அடியேன் சமையற்காரன் கட்சி. பால் அவன் அடுப்பில்தானே காய்ந்தது? தறிக்கொட்டகையில் வாதம், டீக்கடையில் வாதம், தண்ணீர்க் குழாயடியில் வாதம். எங்கள் வீட்டில் மூன்று நாள் எனக்கும் என் மனைவிக்கும் பேச்சே இல்லை. காரணம், அவள் கட்சி மாறிவிட்டாள்!

எதிர்த்து நின்றார் ஒரே ஒருவர். ஞானசௌந்தரி அம்மையார்! கிருபானந்தத்தின் அக்கா. தாயில்லாத ஜெயசீலியைத் தூக்கி வளர்த்த அத்தை. அந்த வீட்டிலே அவர் தலையசைக்காமல் குழம்பு கொதிக்காது. அவர் முதல் வாரமே சொல்லிவிட்டார்.

"கம்பவுண்டருதான்."

"எப்படிங்கம்மா?" என்றேன்.

"கொரலே ஒசராத ஆளு. கரண்டியால டம்ளர் வாய டக்கு டக்குன்னு தட்றான் பாரு. காலி டம்ளரப் பாத்துச் சிரிக்கறான். நல்லவன் காலி டம்ளரப் பாத்து எதுக்குய்யா சிரிக்கறான்?"

அன்றைக்கே வீட்டுக்குப் போய் என் காலி டம்ளரைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.

இந்த நேரம் பார்த்துத்தான், கார்வேட்டிநகரத்திலிருந்து ஜெயசீலிக்கு ஒரு வரன் வந்தது. பையன் நல்ல பையன், பண்பான பையன், பார்த்தால் பசி தீரும் பையன். என்ன வேலை?

சொல்லுங்கள், சத்தமாகச் சொல்லுங்கள்!

ஆமாம், கம்பவுண்டர்! அந்த ஊர் டாக்டரிடம் கம்பவுண்டர். அவர்கள் ஊரில் மலை மறைத்துப் படம் தெரியாது. பாவம், பங்களாவைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது. பெண் பார்க்க வந்தவர், வந்த இடத்தில் சும்மா இருந்திருக்கலாமா இல்லையா? அத்தை இருமினார். மாப்பிள்ளை மெதுவான குரலில், "இருமல் ரொம்ப நாளா இருக்குதுங்களா?" என்று கேட்டார். பையிலிருந்து ஒரு சீசாவை எடுத்தார். மருந்தை டம்ளரில் ஊற்றினார், வெந்நீர் விட்டார், கலக்கினார். கலக்கிவிட்டுக் கரண்டியால் டம்ளர் வாயை டக்கு டக்கு என்று தட்டினார்!

கூடத்தில் இருந்த நாங்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அத்தை டம்ளரை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய், முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு வந்தார். காலி டம்ளரைப் பார்த்து மாப்பிள்ளை சிரித்தார். முடிந்தது! (அந்த முருங்கை சாகவில்லை. இன்றைய சாம்பாரில் மிதப்பது அந்த மரத்துக் காய்தான். பயப்படாமல் சாப்பிடுங்கள்.)

ஆனால் ஜெயசீலி? "அத்தே, எனக்கு இவரப் புடிச்சிருக்குது" என்று சொல்லிவிட்டது பெண். வளர்த்த மனசு, மறுக்க வாய் வரவில்லை. நாள் குறித்தார்கள்.

இங்கே என் தறிக்காரத் தோழர்களுக்கு ஒரு விளக்கம். நம் வழக்கம் வேறு, இவர்கள் வழக்கம் வேறு. இவர்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை அறிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்று ஐயர் சபை நடுவே கேட்பார். யாரும் எழுந்ததில்லை. ஐயரே பதிலுக்குக் காத்திருப்பதில்லை, அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்.

முதல் ஓலை வாசித்தார்கள். இரண்டாம் ஓலை வாசித்தார்கள். மூன்றாம் ஓலைக்கு முன்னால் வந்தது செவ்வாய்க்கிழமை. அன்றைய பங்களாவில் கம்பவுண்டர் கட்டிலுக்கு அடியில் அந்தப் பால் டம்ளர் கிடந்ததைக் காட்டி, 'தொடரும்' போட்டுவிட்டார்கள்! இன்னும் ஒரே ஒரு வாரம் பாக்கி. மூன்றாம் ஓலைக்கு ஐயர் வாய் திறந்தார். "தடை அறிந்தவர்கள் யாரேனும்" என்று கேட்டார். அம்மையார் எழுந்தார்!

நான் கோயில் சன்னல் ஓரம் நின்றிருந்தேன். ஆராதனை முடிந்ததும் புளியமரத்தடியில் எங்கள் பங்களாக் கூட்டம் கூடும், அதற்காக. என் காதாலே கேட்டதைச் சொல்கிறேன்.

"ஐயரே, செவ்வாய்க்கெழம வரைக்கும் நிறுத்தி வையுங்க."

ஐயர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். "அம்மா, அது கதை."

"கதைன்னு எனக்குத் தெரியாதா? எழுதனவன் சும்மாவா எழுதுவான்? அந்த மாதிரி ஒரு ஆள எங்கனா பாத்துட்டுத்தான எழுதியிருப்பான்? எனக்கு இருக்கறது இந்தப் பொண்ணு ஒண்ணுதான் ஐயரே. சிரிக்கறவங்க சிரிச்சிக்கினு போங்க. எனக்குப் பயமா இருக்குது."

அந்தக் கடைசிச் சொல்லுக்குப் பிறகு கோயிலில் யாரும் சிரிக்கவில்லை. ஜெயசீலி மட்டும் பாட்டுப் புஸ்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு அழுதது.

செய்தி பஸ் ஏறிப் போகாதா? மறுநாளே மாப்பிள்ளையின் நைனா வந்து இறங்கினார். தெலுங்கும் தமிழும் கலந்து கொட்டினார். "ஏமண்டி இதி? சபை நடுவுல மா அப்பாயிய, எங்க பையன, கொலைகாரன்னு செப்பினாரா?" ஐயர் சமாதானம் பேசினார், கிருபானந்தம் கையைப் பிடித்தார். பெரியவர் இறங்கி வரவில்லை. கடைசியில் சொன்னார்: "நாளைக்கு நாங்களும் வந்து பாக்கறோம். கொலைகாரன் வேற ஆளுன்னா, கல்யாணம். கம்பவுண்டருதான்னு வந்துதுன்னா எங்களுக்கு இந்தச் சம்பந்தமே வேணாம். காலம்பூரா எங்க பையன் கலக்கற காபியக்கூட இந்த ஊட்ல சந்தேகமாப் பாப்பாங்க."

தப்பாகச் சொன்னாரா? இல்லை. அவர் பிள்ளை, அவருக்கு மானம்.

ஐயா, அந்தச் செவ்வாய்க்கிழமை! தறிகள் நின்றன, கடைகள் மூடின, கட்சிகள் கலைந்தன! தெரு முழுக்க ஒரே வேண்டுதல். யார் கொன்றிருந்தாலும் சரி, கம்பவுண்டர் கொன்றிருக்கக் கூடாது. ரத்னம்மா அம்மனுக்குப் பொங்கல் வேண்டிக்கொண்டாள். ஐயர் கண்ணை மூடி ஜெபித்தார், எதற்கென்று சொல்லவில்லை. கூடம் நிரம்பி, வாசல் நிரம்பி, சன்னல் கம்பியெல்லாம் தலைகள். முன்னால் ஒரு பக்கம் அம்மையார், மறு பக்கம் சம்பந்தி. நடுவிலே, வேர்த்து விறுவிறுத்து, கதை புரியாவிட்டாலும் நைனா போட்ட நிபந்தனை மட்டும் தெரிந்த சுந்தர்சிங்.

தொடர் நடக்கிறது. துப்பறிகிறவர் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துவிட்டார். "கொலை செய்தவர்" என்று வாயெடுத்தார். காற்று அடித்தது, மழை பிடித்தது, மொட்டைமாடி ஏரியல் திரும்பிக்கொண்டது, படம் போய்விட்டது! பெட்டி முழுக்கப் புள்ளி. "உஸ்" என்ற சத்தம் மட்டும்தான்.

மேலே ஓடியது யார்? நாகபூஷணமா? அவன் ஏறினால் ஏணி தாங்காது. நானா? எனக்கு முழங்கால் வலி. மாப்பிள்ளை! புதுச் சட்டையோடு ஏறினார். முற்றத்தில் நின்று ஜெயசீலி குரல் கொடுத்தது.

"இன்னும் கொஞ்சம்! வந்துது, வந்துது! ஐயோ போய்டுச்சி! அப்படியே புடிச்சிக்கினு நில்லுங்க, வுடாதீங்க!"

விட்டால் போகிறது, பிடித்தால் வருகிறது. பிடித்தார்! கொட்டுகிற மழையில், கம்பத்தைக் கட்டிக்கொண்டு, தானொன்றும் பார்க்க முடியாத இடத்தில் நின்றுகொண்டு, தெருவுக்கே படம் காட்டினார். படம் பளிச்சென்று தெரிந்தது. துப்பறிகிறவர் விரலை நீட்டினார்.

கம்பவுண்டர்!

சொன்னது சரியாகிப்போன அம்மையாரின் முகத்தில் சந்தோஷமா? ஒரு துளி இல்லை. மேலேயிருந்து குரல் வந்தது: "படம் தெரியுதா? யாருங்க செஞ்சது?"

ஜெயசீலி நிமிர்ந்து பார்த்தது. சிரிப்பும் அழுகையுமாய்க் கத்தியது: "நீங்கதான்! எறங்கி வாங்க, நனையாதீங்க!"

சம்பந்தி பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "பதரா, போலாம்" என்று பிள்ளையைக் கூப்பிட்டார். வாசலை மறித்துக்கொண்டு நின்றார் ஞானசௌந்தரி அம்மையார்.

"நில்லுங்க சம்பந்தி. பங்களா விஷயத்துல நான் சொன்னதுதான் ரைட்டு. அதுல மாத்தம் இல்ல. இந்தப் பையன் விஷயத்துல எனக்குக் கண்ணு இல்லாமப் போச்சி. மடியில கனம் இருக்கறவன், தன்னை மாட்டிவுடற படத்த மழையில நின்னு புடிச்சிக்கினு காட்டுவானா? பாதியில வுட்டுட்டு எறங்கியிருந்தா எவனுக்குத் தெரியும்? கல்யாணம் போய்டும்னு தெரிஞ்சும் புடிச்சிக்கினு நின்னானே. என் பொண்ணு 'வுடாதே'ன்னா, வுடல. எனக்கு இது போதும்."

சொல்லிவிட்டு, சொட்டச் சொட்ட இறங்கி வந்த பிள்ளையின் தலையைத் தன் முந்தானையாலேயே துவட்டினார். சம்பந்தி பையைக் கீழே வைத்தார். மூக்கை உறிஞ்சினார். மழைச் சளி என்று சொன்னார், நாங்கள் நம்பவில்லை.

தோழர்களே! எத்தனை வாரம் துப்பறிந்தோம்? எத்தனை சண்டை போட்டோம்? மனிதனைக் கண்டுபிடிக்க நாம் பார்த்ததெல்லாம் குரலையும் கரண்டியையும்தானே? இந்தத் தெருவிலே உண்மையான துப்பறிகிறவர் ஒருவர்தான். தன் தப்பையும் தானே கண்டுபிடித்து, ஊர் நடுவே வாய்விட்டுச் சொன்னவர்! கைதட்டுங்கள்! இன்னும் பலமாக! பந்திக்குப் போகும்போது கையை மிச்சம் பிடித்துக்கொள்ளலாம்.

முடிக்கிறேன். இன்று காலையில் கோயிலுக்குள் நடந்ததை, புத்தூர் பஸ்ஸைத் தவறவிட்டுப் பாதியில் வந்தவர்கள் பார்க்கவில்லை. தாலி கட்டுமுன் ஐயர் கடைசியாக ஒருமுறை கேட்கத்தான் வேண்டும், அது முறை. கேட்டார். தடை உண்டா? கோயில் முழுக்க எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. அம்மையார் எழுந்தார்! ஐயர் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். மாப்பிள்ளைக்கு வேர்த்தது. கிருபானந்தம் கண்ணை மூடிக்கொண்டார்.

அம்மையார் சுற்றும் முற்றும் ஒரு பார்வை பார்த்தார்.

"எனக்குத் தடை ஒண்ணும் இல்ல. வேற எவனுக்கானா இருந்தா, மொதல்ல என்னாண்ட வரச் சொல்லுங்க."

ஒருவனும் வரவில்லை!

இத்தனை நேரம் பசியைப் பொறுத்து என் பேச்சையும் பொறுத்த பெரியோர்க்கு நன்றி. பேச இடம் கொடுத்த ஐயருக்கு நன்றி. மணமக்களுக்கு எங்கள் தறிக்காரத் தெருவின் நிறைந்த வாழ்த்து. சுந்தர்சிங், ஜெயசீலி, நூறாண்டு சேர்ந்திருங்கள். சண்டை வந்தால் எங்களிடம் வராதீர்கள், நேரே அத்தையிடம் போங்கள். வணக்கம்!