பாதி உன் பேரில், பாதி என் பேரில்

"ஹலோ... ஆமா, நான்தான்... ஆமா, ஆமா, கேக்குது, சொல்லு ஆர்லீன்... எங்கயா? கோதுமைக் கிடங்கு வாசல்ல, லாரியோட வரிசைல நிக்கறேன்... முன்னால நாலு லாரி... கொஞ்சம் சத்தமா பேசு... இரு, இஞ்சின அணைச்சுடறேன்."

வெர்லின் டிரைலிங் இஞ்சினை அணைத்தார். கான்சாஸில் அறுவடை நேரத்தில் தங்கச்சி போன் பண்ணுகிறாள் என்றால் சும்மா நலம் விசாரிக்க இல்லை. அன்றைக்குத்தான் அப்பீல் கோர்ட்டில் தீர்ப்பு.

"ம்... சொல்லு... மென்னு முழுங்காத, சொல்லிடு... 

தள்ளுபடியா...

மூணு ஜட்ஜுமேவா?... அந்தக் கண்ணாடி போட்ட அம்மா, வக்கீல் பேசப் பேசத் தலைய ஆட்டிக்கிட்டே இருந்தாங்களே... அவங்களுமா... ம்... சரி. தலைய ஆட்டறது அவங்க பழக்கம் போல. நாமதான் அதப் பாத்து வீட்டுக்கு வந்து கேக் வெட்டினோம்."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கேட்டது ஒன்றும் பெரிய சொத்து இல்லை. பள்ளிக்கூட டீச்சரான ஆர்லீன் மாநிலச் சட்டசபைக்கு இரண்டாம் தடவையாக நிற்கிறாள். அங்கே இருக்கிற இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்றான கழுதைச் சின்னக்காரர்கள் அவளை வேட்பாளராக்கினார்கள். இன்னொரு பெரிய கட்சியான யானைச் சின்னக்காரர்களோடு முப்பது வருஷம் இருந்துவிட்டு, மனசு கசந்து வெளியே வந்த வெர்லினும் அவரைப் போன்ற சிலரும் சேர்ந்து ஆரம்பித்த சமவெளிக் கட்சியும் அவளையே வேட்பாளராக்கியது. ஓட்டுச்சீட்டில் இரண்டு கட்சிக்கு நேராகவும் அவள் பெயரைப் போடுங்கள், விழுகிற ஓட்டை ஒன்றாகக் கூட்டிக்கொள்ளுங்கள் என்பதுதான் வழக்கு. ஒருத்தருக்கு ஒரு கட்சிதான், இரண்டாவது இடத்தில் பெயர் வரக்கூடாது என்பது அங்கே நூறு வருஷத்துக்கு மேல் பழைய சட்டம்.

"காரணம் என்ன எழுதியிருக்காங்க?... ஜனங்க குழம்பிடுவாங்களா?... ஒரே பேரு ரெண்டு எடத்துல இருந்தா... ம்... ம்... இல்ல, சிரிக்கல, இருமல்... சரி, சிரிச்சேன்தான். வேற என்ன பண்ணச் சொல்ற? இங்க எடை மேடைல ஷெல்பி உக்காந்திருக்கா. பள்ளிக்கூடம் முடிச்சு வந்த பொண்ணு. அப்பா நமக்கு விட்டுப்போன நிலத்துக் கோதுமை, ஒவ்வொரு லாரியையும் பாதி உன் பேர்ல, பாதி என் பேர்ல எழுதறா. ஒரே கோதுமை, ரெண்டு பேரு. ஒரு நாள் குழம்பினாளா அவ?... ஆமா... ஆமா... அத வக்கீல்கிட்ட அப்பவே சொன்னேன். கோதுமை வேற, ஓட்டு வேறன்னுட்டாரு.

இரு, வரிசை நகருது."

லாரி ஒரு லாரி நீளம் முன்னால் போய் நின்றது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மதியத்துக்குக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்த முட்டைக்கோசு அடைத்த ரொட்டியை எடுத்தார். ஒரு கடி கடித்தார். காகிதத்தைத் திரும்ப மடித்தார்.

"ம், சொல்லு... மேல் கோர்ட்டா? போலாமே... எடுத்துக்கவே மாட்டாங்களா? வக்கீலே சொல்லிட்டாரா... அவரு குரல் எப்படி இருந்துச்சு?... அப்பச் சரி. மனுஷன் நொந்துட்டாரு. காசு வாங்காம ரெண்டு வருஷம் ஓடினாரு பாவம்... நியூயார்க்ல ரெண்டு எடத்துலயும் பேரு போடறாங்களே, அங்க யாரும் குழம்பலயா?... தெரியும், தெரியும், அது அந்த மாநிலம், இது இந்த மாநிலம். இலவு காத்த கிளிதான் நாம.

என்ன?... அஞ்சு மணிக்குள்ளயா? இன்னைக்கேவா?... தேர்தல் ஆபீஸ்ல தீர்ப்பு வந்த அன்னைக்கேவா கேக்கறாங்க, எந்தக் கட்சின்னு... ம்...

போன தடவ மாதிரியேதான் ஆகும், ஆர்லீன். நான் சொல்றத முழுசா கேளு... கேளும்மா. போன தடவ நம்ம ஆளுங்க பூத்துக்குப் போனாங்க. சமவெளின்னு தேடினாங்க. இல்ல. உன் பேரு கழுதைக்கு நேரா மட்டும் இருந்துச்சு. உன் எடத்த மட்டும் காலியா விட்டுட்டு, மத்ததெல்லாம் போட்டுட்டு வந்துட்டாங்க. எத்தன ஓட்டுல தோத்த நீ? ஒரு ஞாயித்துக்கிழமைப் பூசைக்கு வர்ற கூட்டம்கூட இல்ல... கோவமா? அவங்க மேல எப்படிக் கோவப்படுவேன்? அவங்களுக்கு நீ வேணும், அந்தக் கட்சி வேணாம். அந்த ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல சீட்டுல ஒரு எடம் கேட்டோம். அவ்வளவுதானே கேட்டோம்."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கிடங்கின் வெள்ளைத் தூண்களுக்கு அப்பால் வானம் வெறுமையாக இருந்தது. பக்கத்து லாரிக்காரன் கை காட்டினான். இவரும் கை காட்டினார்.

"இருக்கேன், இருக்கேன்... யோசிக்கறேன்... சமவெளில மட்டும் நின்னா? நின்னா என்ன, கழுதைக்காரங்க வேற ஆளப் போடுவாங்க, ஓட்டு ரெண்டாப் பிரியும், யானைக்காரன் உக்காந்த எடத்துலயே ஜெயிப்பான்... அதுல நின்னா உன் கதை முடிஞ்சுது. கழுதைல நின்னா எங்க கதை முடிஞ்சுது. ஆளே நிறுத்தாத கட்சிய அடுத்த தடவ பட்டியல்லயே வெக்க மாட்டாங்க... ஆமா... கட்சியப் பதியக் கையெழுத்து வாங்க சந்தைல பன்னித் தொழுவத்து வாசல்ல வேகாத வெயில்ல நின்னமே, அதெல்லாம்... சரி, விடு.

இரு, நகருது."

மறுபடி ஒரு லாரி நீளம். இனி முன்னால் இரண்டே வண்டி. வெர்லின் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார், பார்க்கப் பிடிக்காமல் திரும்பிக்கொண்டார். கட்சி என்று அவர் சொல்லிக்கொண்டது ஒரு கொட்டகை, நாற்பது மடக்கு நாற்காலி, சில பிடிவாதக்காரர்கள். ஆனாலும் அறுபது வயசுக்கு மேல் அவர் ஆசைப்பட்டு ஆரம்பித்தது அது ஒன்றுதான். அதைத் தன் வாயாலேயே முடித்துவைக்க அவருக்கு மனசு வரவில்லை. ஆனால் தங்கச்சியைத் தோற்கச் சொல்லவும் வாய் வரவில்லை.

"ஆர்லீன்... நான் ஒண்ணு சொல்றேன், குறுக்க பேசாத. நீ கழுதைலயே நில்லு... குறுக்க பேசாதன்னேன்ல. நான்தான் சொல்றேன், கட்சித் தலைவரா சொல்றேன். எங்க ஆளுங்ககிட்ட நான் பேசிக்கறேன். நீ போய் இப்பவே கையெழுத்துப் போடு. அண்ணன் என்ன நெனைப்பானோன்னு தயங்காத, நான் ஒண்ணும்...

என்ன?

...

போட்டுட்டியா? எப்ப?... காலைலயேவா?... தீர்ப்பு வந்த உடனேயா...

இல்ல... இல்ல, கோவமில்ல... சரியாத்தான் செஞ்சிருக்க... முதல்ல கேட்டிருக்கலாம்னு சொல்லல, நான் சொல்லல... ஆமா... ஆமா, நான்கூட அதத்தானே சொன்னேன். ரெண்டு பேரும் ஒண்ணத்தான் சொல்றோம். நான் கொஞ்சம் லேட்டு."

முன்னால் இருந்த லாரிகளும் கிளம்பின. இவர் இஞ்சினைப் போட்டு மெதுவாக எடை மேடைமேல் ஏற்றினார். மேடை ஒரு முறை அசைந்து நின்றது.

"என்ன கேக்கற?... என் ஓட்டா...

அதக் கேக்காத, ஆர்லீன்... நான் யானைய விட்டு எறங்கினது கழுதை மேல ஏற இல்ல. அவங்க சொல்றதுல பாதி எனக்குத் தொண்டைல எறங்காது. நான் போடறது அவங்க கணக்குல விழும்... தங்கச்சிதான். தங்கச்சி இல்லன்னா இவ்வளவு வலிக்குமா?... ஒரு நிமிஷம், எடை மேடை.

ஷெல்பி, நல்லா இருக்கியாம்மா?... ஆமா, டிரைலிங்... இல்லம்மா, இந்த லாரி பாதி பாதி இல்ல. முழுசும் ஆர்லீன் பேர்லயே எழுது... ஆமா, நிச்சயமாத்தான்... ஒரு பேரு, ஒரு எடம். அது போதும்.

ஆர்லீன்?... கேட்டுடுச்சா?... உன்கிட்ட சொல்லல, அந்தப் பொண்ணுகிட்ட பேசினேன்... எதுக்குன்னா, என்னால குடுக்க முடியறது இதுதான், அதான்... வேணாம்னு சொல்லாத, எழுதியாச்சு... அழாத. நீ அழுதா எனக்கு வண்டி ஓட்ட வராது...

போவேன், பூத்துக்குக் கண்டிப்பா போவேன். மத்ததுக்கெல்லாம் போடுவேன். உன் பேரு எங்க இருக்குன்னு தேடிப் பாப்பேன்...

பாத்துட்டு வந்துடுவேன்.

...

பின்னால ஹாரன் அடிக்கறான். வெச்சுடறேன்."