அறுபத்தொன்றாவது லெவலில் வழி இல்லை

சோபாவின் இடது ஓரம் கொஞ்சம் அமுங்கும். டாக்டர் நடுவில் உட்கார்ந்தால் நல்லது. லிஃப்ட் பழுது பார்க்கும் தம்பிக்கு அந்த நாற்காலி. நாத்தனாரே, நீ எங்கே வேண்டுமானாலும் உட்கார், உன் அண்ணன் வீடுதானே. அவர் படத்துக்குச் சட்டம் போடும் கடைக்குப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை திறந்திருப்பது ஊர்க்கோடியில் இருக்கும் அந்த ஒரு கடைதான். திரும்பி வர அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன்.

இன்று காலை பத்து மணிக்கு நடந்த கம்ப்யூட்டர் கேம் இறுதிப் போட்டிக்கு அவர் ஏன் வரவில்லை என்று கேட்க வந்திருக்கிறீர்கள். நியாயம்தான். நான்கு பேர் அணி. இரண்டு வருடப் பயிற்சி. டாக்டர் தன் பல் மருத்துவமனையில் நோயாளி நாற்காலியையே ஓரம் தள்ளி நான்கு திரை வைத்திருக்கிறார். லிஃப்ட் தம்பி இன்றைக்காக யாரிடமெல்லாமோ கெஞ்சி வேலை நேரத்தை மாற்றிக்கொண்டார். இவள் ஓட்டுநர் பயிற்சி வகுப்பையே ரத்து செய்தாள். முன்னால் கேடயத்தோடு நின்று அடி வாங்க வேண்டியவர் என் கணவர். அவர் இல்லாவிட்டால் மற்ற மூவரும் அந்தக் கோபுரத்து அரக்கனுக்கு ஒரு வாய்க்குக்கூடப் போதமாட்டீர்கள். இருந்தும் நாற்பத்தொரு நொடி தாக்குப் பிடித்தீர்களாமே. பெரிய விஷயம்.

அவருக்கு உடம்பு சரியில்லை என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் நம்பிவிடுவீர்கள். ஆனால் பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது. அவர் வராததற்குக் காரணம் நான்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். சட்டைப் பொத்தான்களை மூன்று மூன்றாகச் சேர்த்து மறைய வைக்கும் போன் விளையாட்டு. அதில் லெவல் அமைப்பது நான். ஒன்பது வருடமாகச் செய்கிறேன். நான்கு மாதத்துக்கு முன்பு எங்கள் அலுவலக விருந்துக்கு அவரையும் அழைத்துப் போனேன். எங்கள் மேலாளர் மரியாதைக்கு, "நீங்களும் நம்ம கேம் ஆடுவீங்களா சார்?" என்று கேட்டார். அவர் தட்டை வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் கேம் ஆடறவன் சார். இது பல்லு குத்தற மாதிரி. கைக்கு ஒரு வேலை, அவ்ளோதான்." எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பல்குச்சியில் பத்து வருடமாகச் சம்பளம் வாங்கும் மேலாளரும் சிரித்தார். நானும் சிரித்தேன். டாக்டர், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பல் குத்துவதை நான் குறைவாக நினைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சாதாரணமாகத்தான் கேட்டேன், உங்கள் விளையாட்டுக்கும் என்னுடையதற்கும் அப்படி என்னதான் வித்தியாசம் என்று. அவர் கால் மேல் கால் போட்டுக்கொண்டு விளக்கினார். உன்னுடையது கேஷுவல், எங்களுடையது ஹார்ட்கோர். உன்னுடையதை யார் வேண்டுமானாலும் ஆடலாம், எப்போது வேண்டுமானாலும் வைத்துவிட்டு எழுந்து போகலாம். எங்களுடையது ஆளை அடித்து, மிதித்து, கோபுரத்தின் அடியில் கொண்டுபோய் விடும். மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டும். ஆனால் ஏமாற்றாது. "எவ்ளோ கஷ்டமா இருந்தாலும் வழின்னு ஒண்ணு இருக்கும். வழியே இல்லாம எவனும் லெவல் போட மாட்டான். அது தர்மம்," என்றார்.

அந்தத் தர்மம் எனக்குப் புதிது. எங்கள் தொழிலில் வேறு ஒன்று இருக்கிறது. எங்களுக்குள் அதை இரக்கம் என்று சொல்வோம். ஒருவர் ஏழு முறை தோற்றால், எட்டாவது முறை நல்ல பொத்தான்களாக விழும். பூட்டு சீக்கிரம் திறக்கும். திரையில் ஒரு மாற்றமும் தெரியாது. ஜெயித்தவர் தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொள்வார். உங்கள் விளையாட்டு இரங்காது, அதைச் சொல்லிவிட்டே அடிக்கும். எங்களுடையது இரங்கும், ஆனால் சொல்லாது. என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை.

ஆகவே அவருக்காக மட்டும் ஒரு தனிப் பதிப்பு செய்தேன். அவர் போனில் மட்டும் ஓடும்; எண்களை என் மடிக்கணினியிலிருந்து மாற்றலாம். அதில் இரக்கத்தை அணைத்து வைத்தேன். அவரிடம் கொடுக்கும்போது, "எங்க ஆபீஸ்ல புதுசா ஒருத்தர் சேர்ந்திருக்காருங்க, பெரிய பெரிய கேமெல்லாம் பண்ணினவர். இது அவர் போட்டது. உங்கள மாதிரி ஆளுங்க ஆடிப் பாத்துச் சொன்னா நல்லாருக்கும்," என்றேன். அப்படி ஒருவரும் சேரவில்லை. அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். நான் செய்தது என்று சொன்னால் கிள்ளுக்கீரையாக நினைத்துத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்.

அறுபது லெவலை நான்கே நாளில் முடித்தார், இளக்காரச் சிரிப்போடு. பிறகு அறுபத்தொன்று வந்தது.

அதில் இருபத்திரண்டு நகர்த்தல்கள் தருவேன். எல்லாப் பொத்தானும் போய்விடும். இடது மூலையில் பூட்டிய இழுப்பறைக்குள் ஒரு பச்சைப் பொத்தான் மட்டும் மிஞ்சும். ஒன்றுதான் மிஞ்ச வேண்டும். இரண்டு மிஞ்சினால் மனிதர்கள் போனை வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். பக்கத்துப் பொத்தான்கள் மறையும்போதெல்லாம் பூட்டுக்கு ஓர் இடி விழும்; அது உடைய ஆறு இடி வேண்டும். எப்படி ஆடினாலும் மொத்தம் இருபத்தாறு நகர்த்தல் இல்லாமல் முடியாது. கணினியை விட்டு லட்சம் முறை ஆடவைத்துச் சரிபார்த்தேன். வழி இல்லை.

பத்தொன்பது நாள் ஆடினார். உங்களுக்கு அவரைக் கோபுரத்தில்தான் தெரியும். அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடையில் எப்படி இருந்தார் என்று தெரியாது. கண் பரிசோதனைக்கு வந்தவரிடம் "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் இரண்டு நகர்த்தல் போட்டிருக்கிறார். ஒருவருக்கு மற்றவருடைய கண்ணாடியைக் கொடுத்து அனுப்பிவிட்டார். கட்டம் போட்ட தாள் நாற்பது வாங்கி வந்து வரைந்தார். தையல் கடையில் நிஜப் பொத்தான்கள் வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் பரப்பினார். ஒன்பது நாள் நாங்கள் அடுக்களையில் நின்றுகொண்டே சாப்பிட்டோம். இரண்டு புதன்கிழமைப் பயிற்சிக்குத் தலைவலி என்று உங்களிடம் சொன்னாரே, அதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்தது நீங்கள்தான் டாக்டர்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். கல்யாணமாகி ஆறு வருடத்தில் என் வேலையைப் பற்றி அவர் ஒரு கேள்வி கேட்டதில்லை. இப்போது தினமும் கேட்டார். "அந்த ஆளு எப்படி யோசிப்பான்? செவப்ப முதல்ல வெச்சது ஏமாத்தவா?" நான் பாத்திரம் துடைத்துக்கொண்டே, இருக்கலாம், அவர் கொஞ்சம் ஆழமான ஆள் என்பேன். "ஆழம்தான். மூளைக்காரன். நீ அவன்கிட்ட கொஞ்சம் தொழில் கத்துக்கலாம்," என்றார். அன்றைக்கு மட்டும் ஒரு தட்டு கை தவறி விழுந்தது.

இன்று காலைக்கு வருகிறேன். ஒன்பது மணிக்கே அணிச் சட்டையைப் போட்டுக்கொண்டார். ஒரு காலில் ஷூ மாட்டினார். "ஒரே ஒரு தடவ ஆடிட்டுக் கிளம்பறேன்" என்று வாசல் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தார். இன்னொரு ஷூ கையில். நான் நான்கு அடி தள்ளி, மேசையில் மடிக்கணினியோடு இருந்தேன். ஒன்பதே முக்காலிலிருந்து உங்கள் அழைப்புகள் வர ஆரம்பித்தன. பதினொன்று. ஒவ்வொன்றையும் அவரே வெட்டினார், நான் கை வைக்கவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார். பிள்ளையைத் தொலைத்தவர் மாதிரி இருந்தது முகம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பூட்டுக்கு ஆறு என்று இருந்ததை அழித்து இரண்டு என்று மாற்றினேன். மூன்று நொடி வேலை. அடுத்த ஆட்டத்திலேயே இழுப்பறை திறந்துகொண்டது. சிவப்பை மூலையிலிருந்து எடுத்ததால்தான் திறந்தது என்று நினைத்துவிட்டார். "பாத்தியா, சொன்னேன்ல, வழி இருக்கும்னு சொன்னேன்ல," என்று கையிலிருந்த ஷூவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். அந்தத் திரையைப் படமெடுத்து, பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு இந்தச் சுவரில், இதோ உங்கள் தலைக்கு மேலேதான் டாக்டர், மாட்டப் போகிறார். போட்டி போச்சே என்று கேட்டேன். "அவங்க புரிஞ்சுப்பாங்க. அவங்களும் ஹார்ட்கோர்தானே," என்றார்.

"அப்ப ஒம்பதரைக்கே மாத்தியிருக்கலாமே அண்ணி," என்கிறாய். கெட்டிக்காரி. இதை நீ கேட்பாய் என்று தெரியும். மாற்றியிருக்கலாம். ஒன்பதரைக்கு மாற்றியிருந்தால் இன்னொரு ஷூவையும் மாட்டிக்கொண்டு பத்து மணிக்கு உங்களோடு இருந்திருப்பார். நான் மாற்றியது பத்து ஐம்பதுக்கு. பத்து நாற்பத்தொன்பதுக்கு அவர் ஒரு வார்த்தை சொன்னார். "இத பண்ணவன் மனுஷனே இல்ல. இதுதான் கேம்." அதற்காகத்தான் காத்திருந்தேன். நான்கு மாதம் காத்திருந்தவளுக்கு ஒரு மணி இருபது நிமிடம் பெரிதில்லை. உங்கள் இரண்டு வருடம் அதில் போனது எனக்கு வருத்தம்தான். டீயில் சர்க்கரை போதுமா தம்பி?

அவரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். சொன்னால், அந்தச் சட்டத்தை எங்கே மாட்டுவார் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஹார்ட்கோர்காரருக்குத் தோல்வி பழகிய ஒன்று. யாரோ இரக்கப்பட்டு ஜெயிக்க வைத்தார்கள் என்றால் தாங்க மாட்டார். சொல்லாவிட்டால், நீங்கள் ஏன் தோற்றீர்கள் என்று வெளியே சொல்ல உங்களுக்குக் காரணம் இருக்காது. பாம்பென்று அடிக்கவும் முடியாது, பழுதென்று தாண்டவும் முடியாது. லிஃப்ட் தம்பி தலையைக் குனிந்துகொண்டார், பாருங்கள். நல்ல மனசு.

எனக்கு இனி ஒன்றும் வேண்டாம். என் கணக்கு தீர்ந்தது. ஒரே ஒரு சின்னச் சங்கடம் பாக்கி. அந்தப் புது ஆளை அடுத்த சனிக்கிழமை சாப்பிடக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். "கை குடுக்கணும் அவனுக்கு. அவன் கலைஞன்," என்று கடைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார். பத்தொன்பது நாள் ராப்பகலாக அந்த ஆளைப் புகழ்ந்தவர், வீட்டில் இருக்கும் என்னைப் பார்த்து, "நீயும் முயற்சி பண்ணு, ஒண்ணு போட்டுக் காட்டு, பாப்போம்," என்றார். அன்பாகத்தான் சொன்னார். முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தார்.

அதனால் நீங்கள் வரும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று அறுபத்திரண்டாவது லெவலை, என் பெயரிலேயே, போட்டு வைத்தேன். போட்டியெல்லாம் இல்லை, ஒரு பொழுதுபோக்குக்குத்தான். அந்த ஆள் அப்படி ஒன்றும் பெரிய மூளைக்காரன் இல்லை, டாக்டர். அவன் போட்டதில் நான்கு நகர்த்தல்தான் குறைவு. என்னுடையதில் பதினொன்று.