காரைக் கவிழ்க்கவில்லை, தள்ளினார்கள்

என் பெயர் அரசப்பன், வயது 59, தகப்பனார் பெயர் கண்ணுசாமி. பாபநாசம் கீழவீதியில் குடியிருக்கிறேன். ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர். இன்று 9.2.1982 காலை நிலைய அதிகாரி விசாரித்ததில் நான் சொல்வதாவது:

மிராசுதார் நடராசனின் தஞ்சாவூர் வீட்டுக் கொட்டகையில் நான்கு வருடமாக நின்ற 1959 மாடல் கறுப்பு அம்பாசிடர் காரை, சென்ற ஐப்பசியில் இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். அதன் மீட்டர் இரண்டு முறை லட்சத்தைத் தாண்டி மூன்றாவது சுற்றில் இருந்தது. ரிப்பேர் செய்து பார்க்கும் ஆசையில்தான் வாங்கினேன். கூலித் தகராறு நடக்கும்போது காரை விற்றது தெரிந்தால் கௌரவக் குறைவு என்று மிராசுதார் கேட்டுக்கொண்டதால் அதை வெளியே சொல்லவில்லை. அவருடைய காரியக்காரர் வைரக்கண்ணுவுக்கும் தெரியாது.

அதன் பிறகு நாகூர் மெக்கானிக் பக்கீர் முகம்மதுவை அழைத்து வந்தேன். அவர் பார்த்துவிட்டு, "இஞ்சினுக்கு மட்டும் உசுரு இருக்கு சார், மத்ததெல்லாம் மௌத்து" என்றார். அந்தக் கொட்டகையிலேயே மூன்று மாதம் இருவரும் வேலை செய்தோம். கார்புரேட்டர் வாய்க்கால் மதகு மாதிரி. அளவாகத் திறந்தால் பயிர், கூடுதலாகத் திறந்தால் வெள்ளம். அதை நானே பதினோரு முறை கழற்றி மாட்டினேன். நேற்று காலை 10 மணிக்குத் தெருவில் தள்ளிவிட்டதும் இஞ்சின் பிடித்துக்கொண்டது. அப்போது சத்தம் போட்டு ஆடியது நான்தான். செல்ஃப் மோட்டார் மட்டும் இன்னும் சரியாகவில்லை, தள்ளினால்தான் கிளம்பும். எனவே வழியில் நிறுத்தாமல் போகும்படி பக்கீர் முகம்மது சொன்னார்.

அதன் பிறகு நான் தஞ்சாவூரிலிருந்து தனியாக ஓட்டி வந்தேன். பாபநாசத்துக்குச் சற்று முன்னால் வாய்க்கால் பாலத்தருகே, அறுவடைக் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள் செங்கொடியுடன் இருந்தார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களோடு வருகிறார் என்று நினைத்து மறித்தார்கள். பிரேக் போட்டேன், இஞ்சின் நின்றுவிட்டது.

ரெத்தினம் என்பவர் உள்ளே குனிந்து, "யாருங்க ஐயா நீங்க?" என்றார். காரை நான் வாங்கிவிட்டதாகச் சொன்னேன். "இதையா? காசு குடுத்தா?" என்று காத்தான் என்பவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதன் பிறகு காத்தான், "எத்தன வருசம் இந்தக் காரு வந்தா வரப்புல எறங்கி நின்னோம். இன்னைக்குத் தள்ளித்தான் பாப்போமே" என்றார். காத்தாயி என்ற அம்மாள், "நீங்க தள்ளுங்கடா, நான் உக்காந்துக்கிறேன்" என்று பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

ஏழு பேர் தள்ளினார்கள். கார் இரண்டு முறை குலுங்கி, புகை கக்கிக் கிளம்பியது. அவர்கள் கொடியை ஆட்டிக் கோஷமிட்டார்கள். பள்ளிக்கூட ஆண்டு விழாவில்கூட நான் அப்படிக் கைதட்டல் வாங்கியதில்லை. காத்தாயியை அடுத்த பாலம் வரை கொண்டுபோய்த் திரும்பி வந்தபோது, காத்தானையும் ரெத்தினத்தையும் காவலர்கள் வேனில் ஏற்றியிருந்தார்கள். தூரத்து வயலிலிருந்து பார்த்த வைரக்கண்ணு, காரைக் கவிழ்த்து மிராசுதாரைக் கொல்ல முயன்றதாகப் புகார் கொடுத்தார் என்று பிறகு அறிந்தேன்.

என்னை யாரும் அடிக்கவில்லை. விரலில் உள்ள கட்டு ஜாக்கியால் ஏற்பட்ட காயத்துக்குப் போட்டது. வலது கதவில் உள்ள நசுங்கலும் உடைந்த பின்கண்ணாடியும் நான் வாங்கும்போதே இருந்தவை. என் ரிப்பேர் நோட்டின் முதல் பக்கத்தில் தேதியோடு எழுதியிருப்பதைக் காட்டினேன். தள்ளுவதும் கவிழ்ப்பதும் ஒன்றல்ல: தள்ளுகிறவன் பின்னால் நிற்பான், கவிழ்க்கிறவன் பக்கத்தில் நிற்பான். ஏழு பேரும் பின்னால்தான் நின்றார்கள்.

நேற்று நான் பாலத்துக்குத் திரும்பி வந்ததும் காரை நிலையத்துக்கு ஓட்டிவரச் சொன்னார்கள். வாசலில் ஏட்டய்யா இஞ்சினை அணைக்கச் சொன்னார், அணைத்தேன். வாசல் இப்போதும் அடைபட்டிருக்கிறது. ஜீப் வெளியே போக வழியில்லை. காத்தானையும் ரெத்தினத்தையும் இப்போதே விட்டால் இருவரும் தள்ளித் தருவதாகச் சொல்கிறார்கள்.

இதில் உள்ளதெல்லாம் நான் கண்டதும் செய்ததும். படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) க. அரசப்பன்